தோருன் எங்கே என்று சொல்லாத கடிகாரம்

ஹால்வார் கடைக்குள் ஓடி வந்தபோது அவர் காலில் வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்புதான் இருந்தது. வெளியே பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. நவம்பர் மாதம், மத்தியானம் இரண்டரை மணி. எங்கள் ஹெல்வோக் ஊரில் மளிகைக் கடைக்குள்ளேயே ஒரு மூலையில்தான் தபால் கவுண்டர். பதினேழு வருடமாக அங்கே நிற்பவள் நான். அவர் நேரே என்னிடம் வந்து, கையிலிருந்த போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"மார்கித், தோருன் எங்க?"

"இங்க இல்லியே. காலையில உங்ககூட வந்துட்டுப் போனாங்க, அதோட சரி."

"இங்கதான் இருக்கா. பாரு, புள்ளி இங்கதான் நிக்குது."

போனில் எங்கள் ஊர் வரைபடம் தெரிந்தது. எங்கள் கடைக் கூரையின் நட்டநடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் கீழே நேரம்: 14.31. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதே நேரம்தான். அப்படியென்றால் அவர் மனைவி அந்த நிமிஷம் எங்கள் கடைக்குள் இருந்தாக வேண்டும்.

கடை மேலாளர் ஸ்வெர்ரே கல்லாவை மூடினான். வரிசையில் நின்ற நாலு பேரும் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுத் தேடினார்கள். ரொட்டி அலமாரிக்குப் பின்னால், மீன் வைக்கும் குளிர் அறையில், காலி பாட்டில் போடும் இயந்திரத்தின் பின்பக்கம், ஊழியர் கழிப்பறையில். எங்கும் இல்லை. ஹால்வார் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் நின்று "தோருன்! தோருன்!" என்று கூப்பிட்டார். முப்பத்தாறு வருடம் படகின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். காது மந்தம்; அதனால் எப்போதுமே உரக்கத்தான் பேசுவார். அன்றைக்கு அவர் கூப்பிட்ட விதத்தில் மீன் அறையிலிருந்த பெண் அழுதேவிட்டாள்.

போனைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டத் தட்டப் புதிய நேரம் வந்தது. 14.37. 14.43. புள்ளி மட்டும் நகரவில்லை.

"இந்தக் கூரைக்குக் கீழதான் இருக்கா. எங்கயோ ஒளிஞ்சிருக்கா."

ஸ்வெர்ரேதான் அவர் தோளைப் பிடித்தான். "ஹால்வார், அந்தச் சனியனை நம்பாதீங்க. நாம கண்ணால பாத்தாச்சு, அவங்க இங்க இல்ல. வாங்க, வெளிய தேடலாம்."

அதற்குள் இருபது நிமிஷம் வீணாகிவிட்டது.

தோருனைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் முப்பத்தோரு வருடம் நீச்சல் கற்றுக்கொடுத்தவர். நாற்பது வயதுக்கு மேல் எழுபது வயதுக்குள் இருக்கும் ஹெல்வோக்காரர் யாராக இருந்தாலும், முதல்முதலாக அவரைத் தண்ணீரில் மிதக்கவிட்டது தோருனாகத்தான் இருக்கும். என்னையும் சேர்த்துத்தான். அவர் எதிர்த் தீவில் பிறந்தவர். தீவுக்கும் எங்கள் கரைக்கும் நடுவே ஓடிய படகில்தான் ஹால்வார் எஞ்சின்காரர். தினமும் காலைப் படகில் வேலைக்கு வரும் பெண்ணைப் பார்ப்பதற்காக, எஞ்சின் அறையை விட்டு மேலே வரக் கூடாத நேரத்தில் மேலே வந்து, கேப்டனிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அந்தக் கதையை ஊரே சொல்லும். அவர் சொல்ல மாட்டார். அவர் பேசுவதே குறைவு. எதையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைப்பார். எஞ்சின் அறையில் வந்த பழக்கம் அது. கடலுக்கடியில் சுரங்கச் சாலை வந்த பிறகு படகு நின்றது, அவரும் ஓய்வு பெற்றார்.

தோருனுக்கு மறதி நோய் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. முதலில் பெயர்களை மறந்தார், பிறகு அடுப்பை. மூன்றாவது வருடத்திலிருந்து கிளம்பிப் போக ஆரம்பித்தார். "பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்" என்பார். ஹால்வார் குளியலறைக்குப் போய் வருவதற்குள் ஆள் தெருமுனையில் இருப்பார். நகராட்சியில் கேட்டதற்கு, இருப்பிடம் காட்டும் கருவி தருவார்கள்தான், ஆனால் மருத்துவர் சீட்டு வேண்டும், வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், எல்லாம் முடிய வசந்தகாலம் ஆகும் என்றார்கள். அப்போது அக்டோபர்.

"வசந்தகாலம் வரைக்கும் இவளை எங்க கட்டிப்போடறது?" என்று அவர் என் கவுண்டரில் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் அவரே இணையத்தில் தேடினார். கடல்கடந்த ஏதோ ஒரு துறைமுக நகரத்துக் கடையின் பக்கம் கிடைத்தது. கைக்கடிகாரம் போலவே இருக்கும், போட்டவர் கழற்ற முடியாதபடி வாரில் பூட்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை இருக்கும் இடத்தை போனுக்கு அனுப்பும், இரண்டு வருட உத்தரவாதம். எங்கள் மொழியிலேயே எழுதியிருந்தது. ஆனால் எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ, "உங்கள் அன்பான முதியவரை எப்போதும் மடியில் வைத்திருங்கள்" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு நானும் அவரும் சிரித்தோம். பணம் கட்டிய மறுநாளிலிருந்தே வந்து நிற்பார். "வந்திடுச்சா?" பதினோராம் நாள் வந்தது. உறையை என் கவுண்டரிலேயே கிழித்து, அங்கேயே தோருன் கையில் கட்டிப் பூட்டினார்.

"எனக்கா? இன்னைக்கு என் பிறந்தநாளா?" என்று தோருன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டு வாரம் அது ஒழுங்காக வேலை செய்ததாகத்தான் அவர் நினைத்தார். தோருன் அவர் பக்கத்திலேயே இருந்ததால் புள்ளியும் பக்கத்திலேயே இருந்தது. சோதித்துப் பார்க்க வேளை வரவில்லை.

அன்று நாங்கள் ஆறு பேர் ஆளுக்கொரு திசையில் போனோம். பள்ளிக்கூடம், தேவாலயம், படகுத்துறை. மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. மூன்றே முக்காலுக்கு ஸ்வெர்ரேக்குப் போன் வந்தது. மீன் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர், சுரங்கச் சாலைக்குள் எழுநூறு மீட்டர் தள்ளி, சுவரோரமாக ஒரு வயதான பெண் நடந்து போவதைப் பார்த்திருக்கிறார். மேலே மழைக்கோட்டு இல்லை, சிவப்பு ஸ்வெட்டர் மட்டும். லாரியைக் குறுக்கே நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். "வழியை விடுங்க, வகுப்புக்கு நேரமாச்சு" என்று தோருன் அவரை அதட்டியிருக்கிறார்.

நான்தான் ஹால்வாரைக் காரில் கூட்டிப்போனேன். சுரங்க வாயிலில் சிவப்பு விளக்கு எரிந்து தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. போலீஸ்காரர் எங்களை உள்ளே விட்டார். லாரியின் முன்னிருக்கையில் யாரோ போர்த்திய கம்பளியோடு தோருன் உட்கார்ந்திருந்தார். ஹால்வார் படியேறி, இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்தார்.

தோருன் குனிந்து அவர் காலைப் பார்த்தார். "செருப்பெல்லாம் ஈரம். ஈரக்காலோட உள்ள வரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

ஹால்வார் கார் இருக்கையில் போட்டுவிட்டுப் போன போனை நான் பார்த்தேன். புள்ளி இன்னும் எங்கள் கடைக் கூரையில்தான் இருந்தது. நேரம் 15.58.

மறுநாள் என் சாப்பாட்டு வேளையில் ஹால்வார் தோருனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் உட்கார்ந்து, அவரும் நானும் கடிகாரம் விற்ற கடைக்கு மின்னஞ்சலில் கடிதம் எழுதினோம். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. நடந்ததை நடந்தபடி எழுதினோம். சாயங்காலமே பதில் வந்தது. அன்புள்ள நண்பரே, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், சுரங்கத்துக்குள் எங்கள் கருவி இயங்காது, தயவுசெய்து விளக்கக் குறிப்பின் நாலாம் பக்கத்தைப் பார்க்கவும்.

"சுரங்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டரை கிலோமீட்டர் தார் ரோட்ல நடந்திருக்கா. அங்க என்ன சுரங்கம்?" என்றார் ஹால்வார். அதையும் எழுதினோம். தயவுசெய்து கருவியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கவும் என்று வந்தது.

அவர் எஞ்சின்காரர். பழுது என்றால் அதைப் பிடித்துக் காட்டியாக வேண்டும் என்று நினைப்பவர். செவ்வாயும் வெள்ளியும் நகராட்சியின் வீட்டுப் பராமரிப்பு நர்ஸ் வென்கே வந்து தோருனைக் குளிப்பாட்டி இரண்டு மணி நேரம் இருப்பாள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஹால்வார் கடிகாரத்தைக் காபி பிளாஸ்க்கின் கழுத்தில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார். தேவாலயத்தில் நின்று நேரம் எழுதுவார், பெட்ரோல் பங்கில் நின்று எழுதுவார். போன் என்ன காட்டுகிறது என்று பக்கத்தில் எழுதுவார். மூன்று வாரம் அப்படி நடந்து கண்டுபிடித்தார். ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் கடிகாரம் சிலசமயம் அங்கேயே உறைந்துபோகிறது. பிறகு எங்கே போனாலும் அதே பழைய இடத்தைத்தான் காட்டுகிறது. நேரத்தை மட்டும் புதிதாகப் போட்டு அனுப்புகிறது.

"எஞ்சின்ல ஒரு அளவுமானி செத்துப்போச்சுன்னா முள்ளு கீழ விழுந்துடணும், மார்கித். செத்துட்டேன்னு எனக்குத் தெரியணும். அப்பத்தான் வேற வழி பார்ப்பேன். இது செத்தும் உயிரோட இருக்கிற மாதிரி நடிக்குது. இதைக் கட்டாமலே இருந்திருந்தா அன்னைக்கு நான் உன் கடைக்கு ஓடி வந்திருக்க மாட்டேன். நேரா ரோட்டுக்கு ஓடியிருப்பேன்."

வீடியோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். திறந்த வானத்தின் கீழ் நின்று எடுக்கவும் என்றார்கள். கால்பந்து மைதானத்தின் நடுவில், ஆலங்கட்டி மழையில் நின்று எடுத்தார். இன்னும் திறந்த இடத்தில் எடுக்கவும் என்றார்கள்.

"இவங்களுக்கு இன்னும் எவ்வளவு வானம் வேணும்?" என்று கேட்டார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஒருநாள் வேறு மாதிரி பதில் வந்தது. கருவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், விலையில் பதினைந்து சதவீதம் திருப்பித் தருகிறோம். நான் வாசித்துச் சொன்னேன். அவர் காபிக் கோப்பையை மேஜையில் வைத்தார்.

"பதினஞ்சு சதவீதமா? எம் பொண்டாட்டி என்ன பதினஞ்சு சதவீதமா தொலைஞ்சா?"

அதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன். முப்பது சதவீதம் என்று வந்தது. பணமே வேண்டாம், வேலை செய்கிற ஒரு கடிகாரம் அனுப்புங்கள், போதும் என்று எழுதினோம். நாலு நாள் கழித்து, சரி, உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம் என்றார்கள்.

அந்தப் பார்சலை வாங்கி முத்திரை குத்தியவளும் நான்தான். உள்ளே பேட்டரி இருப்பதால் தனிச் சீட்டு ஒட்ட வேண்டும், விமானத்தில் போகாது, சுற்று வழியில்தான் போகும், ஐந்து வாரம் ஆகலாம் என்று சொல்ல வேண்டியவளும் நான்தான்.

"அஞ்சு வாரம்" என்றார். "சரி." உறையைத் தள்ளிவிட்டு, பிறகு மறுபடியும் பக்கம் இழுத்துக்கொண்டார். வேலை செய்யாத கடிகாரம்தான். அதைக்கூடக் கொடுக்க மனசு வரவில்லை. நான்தான் மெதுவாகக் கையிலிருந்து வாங்கினேன்.

டிசம்பர் நடுவில், அந்தப் பார்சலின் சுங்கச் சீட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருப்பதாகத் தகவல் வந்தது. வேலை முடிந்ததும் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். சமையலறை ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. தட்டினேன், காது கேட்காதென்று நானே உள்ளே போனேன்.

ஹால்வார் அடுப்பில் மீன் வடை பொரித்துக்கொண்டிருந்தார். தோருன் மேஜையில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து, மறுபடியும் மடித்தார். அவர் இடுப்பிலிருந்து ஹால்வாரின் பெல்ட்டுக்கு ஒரு நீலக் கயிறு போனது. படகைத் துறையில் கட்டுகிற நைலான் கயிறு. இரண்டு ஆள் நீளம் இருக்கும்.

என்னைப் பார்த்ததும் ஹால்வாரின் முகம் சிவந்தது. கயிற்றை மறைக்க ஒரு கை போனது, பிறகு நின்றது.

"ரெண்டு நாள் முன்னாடி மறுபடியும் கிளம்பிட்டா. சட்டையில்லாம. தோட்டத்து வேலிக்கிட்ட பிடிச்சேன். எனக்குத் தூக்கமே இல்ல, மார்கித். உக்காந்தா கண்ணு சொருகுது. படுக்கும்போது மணிக்கட்டுல கட்டிக்கறேன்."

அவர் மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. தோருனின் கையை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

தோருன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாம்மா. இந்தப் பையனைப் பாரு, தண்ணின்னா அவ்வளவு பயம். கயிறு இல்லாம இறங்க மாட்டேங்கறான்." பிறகு அவரிடம் திரும்பினார். அந்த நீச்சல் குளத்துக் குரல், அதில் ஒரு குறையும் இல்லை. "ஏம்ப்பா, கயிறு இருக்கிற வரைக்கும் நீச்சல் வராது. விட்டுட்டாத்தான் வரும். நான் பக்கத்துலதானே நிக்கறேன்?"

ஹால்வார் அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டார். மீன் வடை கருகிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் வந்துவிட்டேன்.

மூன்று நாள் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தேன். நாலாவது நாள் வென்கே கடைக்கு வந்தபோது அவளிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு முகம் மாறியது. "வெள்ளிக்கிழமை தோருன் கையில சிவப்பா இருந்துச்சு. கேட்டேன். குளிருல வெடிச்சிருக்குன்னு சொன்னாரு" என்றாள்.

கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு ஹால்வார் வந்தார். தோருன் கையைப் பிடித்தபடி. கவுண்டரில் மூன்று பேர் நின்றார்கள். அவர் வரிசையில் நிற்கவில்லை.

"நீயா சொன்னே?"

"நான்தான்."

"அவளை ஒரு வாரம் முதியோர் இல்லத்துல விடச் சொல்றாங்க. என்னைப் பாத்து, 'உங்களால முடியலைன்னா சொல்லுங்க'ங்கறாங்க. ஐம்பது வருஷம் அவகூட இருந்தவன்கிட்ட." குரல் கடை முழுக்கக் கேட்டது. "உன் வேலை பார்சல் குடுக்கறது. அதை மட்டும் பாரு."

அதன்பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. ரொட்டியும் பாலும் வாங்க, தோருனைக் காரில் ஏற்றிக்கொண்டு சுரங்கத்தைத் தாண்டித் தீவிலுள்ள கடைக்குப் போனார். இல்லத்தில் விடவும் சம்மதிக்கவில்லை. கயிற்றை மட்டும் வென்கே வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாற்றுக் கடிகாரம் ஜனவரி இருபதாம் தேதி வந்தது. ஹால்வாருக்குச் செய்தி அனுப்பினேன். வரவில்லை. ஐந்து நாள் அலமாரியில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தேன். நான் இருக்கிற கடை என்பதற்காக, அவர் அவ்வளவு காத்திருந்த பொருளைக்கூட வாங்க வராமல் இருக்கிறார். ஆறாவது நாள், ஸ்வெர்ரேயிடம் சொல்லிவிட்டு, நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. தாடி வளர்ந்திருந்தது, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என்னைத் திட்டவில்லை. பார்சலைப் பார்த்தார், விலகி வழி விட்டார். தோருன் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் அசைந்தால் தெரியும்படி, ஹால்வார் பக்கத்தில் உட்கார்ந்தார். கத்தியால் உறையைக் கிழித்தார். புதுப் பெட்டி, புதுக் காகிதம், புது விளக்கக் குறிப்பு. கடிகாரத்தை எடுத்து, வாரைத் திருப்பி, விளக்கருகில் பிடித்தார்.

பூட்டின் உள்பக்கத்தை நகத்தால் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன?" என்று கேட்டேன்.

என்னிடம் நீட்டினார். பூட்டின் உள்பக்கம், ஊசியால் கீறியது போல ஒரு சிறிய எழுத்து இருந்தது. தோருனின் முதல் எழுத்து.

"அனுப்பறதுக்கு முன்னாடி நான்தான் கீறினேன். எஞ்சின் சாமான்களைப் பழுதுபார்க்க அனுப்பும்போது அப்படித்தான் செய்வோம்." குரல் எழும்பவில்லை, அவர் அவ்வளவு தாழ்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. "அதே கடிகாரம், மார்கித். துடைச்சு, புதுப் பெட்டியில போட்டு, எனக்கே அனுப்பியிருக்காங்க."

நான் அந்தக் கீறலை மறுபடியும் விளக்கருகில் பிடித்துப் பார்த்தேன்.

"நேத்து பழைய படகுத்துறைக்குப் போனோம்" என்றார் அவர். "காரை முனையில நிறுத்தினேன். அங்க தடுப்பு எதுவும் கிடையாது, உனக்குத் தெரியுமே. எஞ்சினை அணைக்கல. அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தோம்."

நான் கடிகாரத்தை மேஜையில் வைத்தேன்.

"அவ ஜன்னலை இறக்கித் தண்ணியைப் பாத்தா. 'இன்னைக்கு ரொம்பக் குளிரு, பிள்ளைங்களுக்கு ஒத்துக்காது, வகுப்பு வேண்டாம்'னா. நான் காரைப் பின்னால எடுத்துட்டேன்."

தோருன் தூக்கத்தில் காலை அசைத்தார். ஹால்வாரின் கை அனிச்சையாகக் கணுக்காலைப் பிடித்தது.

நான் என் போனை எடுத்தேன். "ஹால்வார், போன தடவை உங்க முதுகுக்குப் பின்னால சொன்னேன். இப்ப உங்க எதிர்லயே கூப்பிடறேன். வேண்டாம்னு சொன்னாலும் கூப்பிடுவேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். வென்கே எடுத்ததும் படகுத்துறையைப் பற்றி நான் அவர் சொன்னபடியே சொன்னேன். பிறகு போனை அவர் காதில் வைத்தேன். மறுமுனையில் வென்கே என்ன சொன்னாளோ தெரியாது. அவர் "ஆமா" என்றார். கொஞ்சம் கழித்து, "முடியல" என்றார். மறுபடியும், "எனக்கு முடியல, வென்கே." அன்றுதான் அவர் அழுது நான் பார்த்தேன். சத்தமில்லாமல், தோருன் விழித்துக்கொள்வாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஒரு மணி நேரத்தில் வென்கே மருத்துவரோடு வந்தாள். ஹால்வார் தன் நீல நோட்டை மேஜையில் வைத்தார். மருத்துவர் அதை நின்றபடியே முழுவதும் படித்தார். தேதி, இடம், உண்மையான நேரம், கடிகாரம் சொன்ன பொய். மூன்று வார நடை. படித்து முடித்துவிட்டு, "வசந்தகாலம் வரைக்கும் யார் காத்திருக்கச் சொன்னது?" என்று வென்கேயைப் பார்த்துக் கேட்டார். வென்கே தலைகுனிந்தாள். பாவம், அவள் சொல்லவில்லை.

நாலாம் நாள் நகராட்சியிலிருந்து ஒரு கருவி வந்தது. கடிகாரம் போல அழகாக இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. ஹால்வார் அதை பிளாஸ்க்கில் கட்டிக்கொண்டு முதலில் தானே மூன்று நாள் நடந்து பார்த்த பிறகுதான் தோருன் கையில் கட்டினார். வாரத்தில் இரண்டு நாள் தோருன் இல்லத்தில் தங்கினார். முதல் முறை விட்டுவிட்டு வந்த அன்று ஹால்வார் பதினாலு மணி நேரம் தூங்கினாராம். எழுந்ததும் பயந்துபோய்க் காரை எடுத்துக்கொண்டு இல்லத்துக்கு ஓடியிருக்கிறார். தோருன் அங்கே காலை உணவு மேஜையில், பக்கத்திலிருந்த கிழவருக்கு மூச்சு விடுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கடல்கடந்த அந்தக் கடைக்கு நாங்கள் கடைசியாக ஒரு கடிதம் எழுதினோம். கீறிய எழுத்தின் படத்தையும் வைத்தோம். பதில் இல்லை. மார்ச் மாதம் பார்த்தபோது அந்தக் கடையின் பக்கமே காணோம்.

புதுக் கருவியோடு தோருன் அந்த வருடம் இரண்டு முறை கிளம்பிப் போனார். ஒருமுறை பெட்ரோல் பங்குவரை, ஒருமுறை மேட்டுத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைவரை. இரண்டு முறையும் பத்து நிமிஷத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். செப்டம்பரில் அவருக்குச் சிறிய பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். நடப்பார், ஆனால் நாற்காலியை விட்டுத் தானாக எழுவதில்லை.

அந்த மாதம் ஒரு நாள் ஹால்வார் எங்கள் கடைக்கு வந்தார். முன்பு போல, ஒன்றும் நடக்காதது போல. சாம்பல் கருவியை ஒரு உறையில் போட்டிருந்தார். நகராட்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம், வேறு யாருக்காவது ஆகுமாம்.

"இனிமே தேவைப்படாதா?" என்று கேட்டேன்.

"வெயில் அடிச்சா வாசக் கதவைத் திறந்து வைக்கறேன்" என்றார். "கோட்டைப் பக்கத்துல போட்டு வைக்கறேன். 'தோருன், பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்'னுகூடச் சொல்லிப் பாத்துட்டேன். என்னைப் பாத்துச் சிரிக்கறா. போக மாட்டேங்கறா."

சீட்டை ஒட்டி முத்திரை குத்தினேன். அவர் நகரவில்லை. பின்னால் ஆள் நின்றதால் ஒதுங்கி, செய்தித்தாள் தட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏலக்காய் ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு, நேரமாகிறது என்று வீட்டுக்குப் போனார்.